அர்த்தநாரீஸ்வரர் இருக்கும்போது தனிக் கூட்டம் எதுக்கு?

ஒரு வாசகர் கேட்டது:
நம்ம மரபுல அர்த்தநாரீஸ்வரர் இருக்கார். மோகினி இருக்கா, அரவான் கதை இருக்கு. கூவாகத்துல திருவிழாவே நடக்குது. இவ்வளவு இடம் கொடுத்த நாட்டுல, திருநங்கைகளும் தன்பாலினத்தவங்களும் வெளிநாட்டுக்காரன் தெச்ச வானவில் கொடியைப் பிடிச்சுக்கிட்டுத் தனிக் கூட்டம், தனி ஊர்வலம், தனி அரங்கு எதுக்கு? எல்லாரும் போற தேசிய நீரோட்டத்துல நீங்களும் கலந்துடலாமே? சண்டைக்குக் கேக்கலை, நிஜமாவே புரியலை.

செப்டம்பர் 19, 2025

சண்டைக்குக் கேக்கலைன்னு சொன்னதால நானும் சண்டைக்கு வரலை. ஆனா பதில் நீளமாப் போகும்.

கூவாகம் போயிருக்கீங்களா? உளுந்தூர்ப்பேட்டை பக்கம், இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரையில கூத்தாண்டவர் கோயில் திருவிழா. கூத்தாண்டவர்னா அரவான்தான், களப்பலிக்கு முன்னாடி ஒரே ராத்திரிக்கு மோகினியைக் கட்டிக்கிட்டவர். அந்த மோகினி இடத்துல திருநங்கைகள் தாலி கட்டிக்கறாங்க. நான் ஒரு திருநங்கைத் தோழியோட போனேன். ராத்திரி பூரா தாலி கட்டிக்கற வரிசை. பட்டுப் புடவை, மல்லிப்பூ, கற்பூரப் புகை, செல்ஃபி எடுக்க வந்த காலேஜ் பசங்க, இடிக்கறதுக்குன்னே வந்த ஆம்பளைங்க. மறுநாள் தேர் நகர்ந்து அரவான் களப்பலி ஆனதும் அதே தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி. என் தோழி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "வருஷத்துக் கணக்கை இங்கதான் தீர்ப்பேன்"னா.

அந்தக் கோயிலை நான் குறைச்சுச் சொல்லலை. அங்க வர்ற பலருக்கு அதுதான் தாய்வீடு. ஆனா நீங்க காட்டற இடம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. ஒரு ராத்திரி சுமங்கலி, விடிஞ்சா விதவை. திரும்பி வரும்போது பஸ்ல மூணு பேர் சீட்டுல நாங்க ரெண்டு பேர். நின்னுக்கிட்டு வந்தவங்க சென்னை வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தாங்க. அந்த மூணாவது இடத்துல ஒருத்தரும் உக்காரலை. அதுல பாதிப் பேர் திருவிழாவுல சாமி கும்பிட்டுட்டு வந்தவங்க.

கூத்தாண்டவர் ஒரு ராத்திரிக்குத் தாலி கொடுக்கறார். வாடகைக்கு வீடு யார் கொடுக்கறது?

இன்னொண்ணு. அரவான் கதை திருநங்கைகளோடது. நான் பொம்பளை, இன்னொரு பொம்பளையோட பல வருஷமாக் குடித்தனம் பண்றவ. எனக்கு எந்தச் சன்னதி? தெரிஞ்சா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை போய் விளக்கு ஏத்திட்டு வரேன்.

செப்டம்பர் 20, காலை

ஒருத்தர் நிஜமாவே தேடிப் பிடிச்சுட்டார்! வங்காளத்துக் கிருத்திவாச ராமாயணத்துல, ராஜா செத்த பிறகு ரெண்டு ராணிகள் சேர்ந்து பெத்த பிள்ளைதான் பகீரதனாம். நானும் கேள்விப்பட்டிருக்கேன். கங்கையையே இறக்கிக் கொண்டு வந்த பிள்ளை. எங்க வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் லாரியை வரவழைக்கற பிள்ளை ஒண்ணு இருந்தாலே போதும்.

கதையில இருக்கறது சந்தோஷம்தான். ஆனா கதை யாரையும் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடாது. வீட்டுல இருக்கற மனுஷங்கதான் கூப்பிடணும்.

2024 ஆகஸ்டுல மத்திய நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. பால்புதுமையர், அதாவது எங்களை மாதிரித் தன்பாலினத்தவங்க, திருநங்கைகள் எல்லாரும், ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கலாம், துணையை நாமினியாப் போடலாம், தடை ஒண்ணும் இல்லைன்னு. அதை நம்பி ரெண்டு பேரும் பேங்குக்குப் போனோம். கவுண்டர்ல இருந்த தம்பி நல்ல பையன். ஃபாரத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம்.

"சிஸ்டரா மேடம்?"
"இல்லைப்பா."
"கசின்?"
"இல்லை."
"அப்போ ஃப்ரெண்டுன்னு போட்டுடறேன் மேடம், சிஸ்டம் எடுத்துக்கும்."

சிஸ்டம் எடுத்துக்கிச்சு. என்னவள்தான் படி இறங்கும்போது, "பதினோரு மணிக்குக் காபி போட்டுக் கொடுத்தப்போ நான் ஃப்ரெண்டு இல்லையே"ன்னு முணுமுணுத்தா.

செப்டம்பர் 20, இரவு

வீடு பத்திக் கேட்டவருக்கு. எங்களுக்கு வீடு சுலபமாக் கிடைச்சுது. பொய் சொல்லலை. ரெண்டு பொம்பளைங்க, வேலைக்குப் போறாங்க, ஒருத்தி தலையில நரை வேற. ஹவுஸ் ஓனர் மாமி போட்ட ஒரே கண்டிஷன், "ஆம்பளைங்க வந்து தங்கக் கூடாது". சாகற வரைக்கும் மீறாம இருக்கக்கூடிய ஒரே வாடகைக் கண்டிஷன் அதுதான்னு நாங்க இன்னும் சொல்லிச் சிரிக்கறோம்.

ஆனா எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பையன்கள் "பேச்சிலர்ஸுக்கு இல்லை"ங்கற போர்டைத் தாண்ட முடியாம வில்லிவாக்கத்துலயிருந்து ஆவடி வரைக்கும் அலைஞ்சாங்க. கூவாகம் வந்த தோழிக்கு ஃபோன்ல வீடு இருக்கும், நேர்ல போனா "காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்" ஆயிடும். எங்களை யாரும் கண்டுக்காததாலதான் எங்களுக்கு வீடு. கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா மாமி என்ன சொல்லியிருப்பாங்களோ. இதை இடம் கிடைச்ச கணக்குல சேக்கறதா வேண்டாமான்னு எனக்கே இன்னும் முடிவாகலை.

செப்டம்பர் 23

நேத்து கொலு ஆரம்பம். மேற்கு மாம்பலத்துல அம்மா வீடு, ஒன்பது படி. நாங்க ரெண்டு பேரும் போனோம். என்னவளை அம்மாவுக்குப் பிடிக்கும். "உன் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வா, நல்லாப் பாடுவா"ன்னு அம்மாவே சொல்லுவா. அதுக்கு மேல அம்மா எதுவும் கேக்க மாட்டா, நான் சொன்னதையும் காதுல வாங்கலைங்கற மாதிரியே இருப்பா.

வெத்தலை பாக்கு கொடுக்க ரெண்டு கூடை. ஒண்ணு சுமங்கலிகளுக்கு: தேங்காய், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி. இன்னொண்ணு கன்னிப் பெண்களுக்கு: வளையல், ஸ்டிக்கர் பொட்டு, குட்டிக் கண்ணாடி, சீப்பு. எனக்கு நாற்பது தாண்டியாச்சு. வருஷா வருஷம் அம்மா கை அந்த ரெண்டு கூடைக்கும் நடுவுல ஒரு நொடி நிக்கும். இந்த வருஷமும் நின்னுது. அப்புறம் எனக்கு ஒரு சீப்பு, பூப்போட்ட ரெண்டு க்ளிப்பு.

என்னவள் கதை இதைவிடச் சிக்கல். இருபத்திரண்டு வயசுல கட்டி வெச்சாங்க, கோர்ட்டுல முடிஞ்சுது. அந்த மனுஷன் எங்கயோ சுகமா இருக்கார். அப்போ இவ எந்தக் கூடை? அம்மாவும் மாடி வீட்டு மாமியும் சமையலறை வாசல்ல ஆலோசனை பண்றது ஹாலுக்கே கேக்குது. மாமி கட்சி: "ஆத்துக்காரர் உசிரோட இருக்காரோன்னோ, அப்போ சுமங்கலிதான்." அம்மா கட்சி: "தாலியே இல்லையே." உச்ச நீதிமன்றத்துல கூட இவ்வளவு நுணுக்கமா வாதாடியிருக்க மாட்டாங்க.

உள்ளே பெரியம்மா சுண்டல் தாளிச்சுக்கிட்டிருந்தா. பெரியப்பா போன நாள்லயிருந்து, வந்தவங்களுக்குக் குங்குமம் கொடுக்கற நேரத்துல பெரியம்மா ஹாலுக்கு வரமாட்டா. யாரும் வராதேன்னு சொன்னது கிடையாது. வான்னு சொன்னதும் கிடையாது. ஆனா ஒன்பது நாள் சுண்டலும் அவ கைதான். எங்க ரெண்டு பேரையும் உள்ளே இழுத்து, "அங்க எனக்கும் கிடையாது, இவளுக்கும் கிடையாது, உனக்குக் கொடுத்தது சீப்பு. அந்தத் தட்டை இப்படி நகத்துடி, மூணு பேரும் இங்கயே உக்காந்து சாப்பிடலாம்"னா. சாப்பிட்டோம். அன்னிக்குச் சுண்டல்ல உப்பு கொஞ்சம் கம்மி.

நீங்க சொல்ற நீரோட்டம் எங்களை மட்டும் கரையில விடலை. பெரியம்மா மாதிரி ஊர் முறைப்படி கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, எல்லாம் சரியாச் செஞ்சவங்களையும் ஒரு நாள் சமையலறைக்கு அனுப்பிடுது.

மரப்பாச்சி பத்தி ஒண்ணு, மறக்கறதுக்கு முன்னாடி. எங்க வீட்டு வழக்கம், கல்யாணத்தப்போ பொண்ணுக்கு ஒரு ஜோடி கொடுத்து அனுப்பணும். என் பேர்ல திருப்பதியில வாங்கி வெச்ச செம்மர ஜோடி தம்பி பொண்டாட்டிக்குப் போயிடுச்சு. அவ வருஷா வருஷம் ஜரிகை வேட்டியும் புடவையும் புதுசா மாத்தி அழகா வெச்சிருக்கா. எனக்கு வருத்தமில்லைன்னு சொல்லத்தான் ஆசை.

செப்டம்பர் 24

ரெசிபி கேட்ட மூணு பேருக்கும்: கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊற வைங்க. கடுகு, காய்ஞ்ச மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, கடைசியில தேங்காய்த் துருவல். வெங்காயம் கிடையாது. இவ்வளவு எழுதினதுல உங்க கண்ணுக்குப் பட்டது சுண்டல்தானா? சரி, நவராத்திரி ஆச்சே.

செப்டம்பர் 27

"இப்பல்லாம் நிறைய வீட்டுல எல்லாருக்கும் குங்குமம் கொடுக்கறாங்க, மரபு தானா மாறிக்கிட்டுதான் இருக்கு, பொறுமையா இருங்க"ன்னு ஒருத்தர். முதல் பாதி சரி. ரெண்டாவது பாதியை ரெண்டு நாளா யோசிச்சேன், ஒத்துக்க முடியலை. தானா எது மாறிச்சு?

சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கோங்க. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாத்தி நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டோம்னு சொன்னாப் போதும். 1920கள்ல பெரியார் தொடங்கினப்போ ஊரே சிரிச்சது. 1950கள்ல சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாதுன்னே சொல்லிடுச்சு. சட்டப்படி அவங்க புருஷன் பொண்டாட்டி இல்லை. பிள்ளைகளுக்குச் சொத்துல சிக்கல். ஆனாலும் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. 1967ல அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவைச் சேத்து, அதுக்கு முன்னாடி நடந்ததும் செல்லும்னு எழுதிச்சு. வாழ்ந்தவங்க முன்னாடி போனாங்க, சட்டம் மூச்சிரைக்கப் பின்னாடி வந்தது. இன்னிக்கு அது தமிழ்நாட்டுல ஒரு மரபு. பத்திரிகையில அச்சடிக்கறாங்க, மண்டபம் எடுக்கறாங்க, மொய் எழுதறாங்க.

அந்த நாற்பது வருஷமும் அவங்களுக்குன்னு மாநாடு, படிப்பகம், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் தனியாத்தான் இருந்தது. அப்பவும் யாராவது கேட்டிருப்பாங்க, தனிக் கூட்டம் எதுக்குன்னு.

இதுல ஒரு வேடிக்கை. என்னவளோட தாத்தாவும் பாட்டியும் அப்படி மேடையில மாலை மாத்திக்கிட்டவங்க. ஹால்ல போட்டோ மாட்டியிருக்கும். அந்தப் போட்டோவுக்குக் கீழே ஈஸி சேர்ல உக்காந்துக்கிட்டுதான் அவ அப்பா எங்களைப் பாத்துக் கேட்டார், "இதெல்லாம் நம்ம பண்பாடாம்மா?"

அக்டோபர் 3

நேத்து விஜயதசமியோட எங்க வீட்டுக் கொலுவும் முடிஞ்சுது. ஆமா, நாங்களும் வெக்கறோம். டிரங்குப் பெட்டி, ஒரு சூட்கேஸ், அகராதிகள் நாலு, மேல வெள்ளை வேட்டி. மூணே படி. கூடை ஒண்ணே ஒண்ணு. வர்றவங்க யாரா இருந்தாலும் அதே வெத்தலை, அதே மஞ்சள், அதே ரவிக்கைத் துணி. வீடு தேடி அலைஞ்ச பையன்கள்ல ஒருத்தன் அந்தத் துணியைத் தெச்சுப் போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பியிருக்கான். கை கொஞ்சம் டைட்.

பெரியம்மா ஆட்டோ பிடிச்சு வந்தா. குங்குமத்தை நீட்டினேன். வாங்கிப் புடவைத் தலைப்புல முடிஞ்சுக்கிட்டா, நெத்தியில வெச்சுக்கலை. நான் எதுவும் சொல்லலை. எல்லாருக்கும் எல்லாம்னு நாம முடிவு பண்ணிடலாம், அவங்கவங்க எதை வெச்சுக்கறதுன்னு அவங்கவங்கதானே முடிவு பண்ணணும்.

கூவாகம் தோழியும் வந்தா. இட்லிக் கடை வெச்சிருக்கா, ஞாயித்துக்கிழமை வடைகறிக்கு வரிசை நிக்கும். படியை மேலயும் கீழயும் பாத்துட்டு, "தசாவதாரம் இருக்கு, செட்டியார் இருக்கார், கிரிக்கெட் டீம் கூட இருக்கு. எங்க வீட்டுக்காரர் எங்கே?"ன்னா. அரவான் பொம்மை! மயிலாப்பூர் மாட வீதியில நானே கேட்டுப் பாத்திருக்கேன், வெச்சிருந்தவங்க யாருமில்லை. அடுத்த வருஷத்துக்கு யாராவது குயவர்கிட்ட சொல்லி வெக்கணும்.

கேள்வி கேட்டவருக்கு: நாங்க உங்க மரபை விட்டு ஓடிப் போகலை. அதைத் தூக்கிக்கிட்டுதான் வந்திருக்கோம்.

அக்டோபர் 5

"அப்போ உங்க கூட்டம் மட்டும் சொர்க்கமா?"

இல்லை. சொல்றேன். எந்தக் கூட்டம்னு மட்டும் கேக்காதீங்க, ஒண்ணுன்னு இல்லை. முதல் தடவை போனப்போ எல்லாரும் இங்கிலீஷ்ல பேசினாங்க. பேர் சொல்லி அறிமுகம் பண்ணிக்கச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த அண்ணன், வண்ணாரப்பேட்டைக்காரர், தன் முறை வந்ததும் பாத்ரூம் எங்கேன்னு கேட்டுட்டு எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. அறையில பெரும்பாலும் ஆம்பளைங்க. கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. எட்டு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்னு பொண்ணுங்களுக்கு இருக்கற சட்டம் யாருக்கும் ஞாபகமில்லை. இன்னொரு தடவை காபி ஷாப்ல சந்திப்பு. அங்க ஒரு காபி விலையில எங்க தெருவுல நாலு பேர் டிஃபன் சாப்பிடலாம். திருநங்கைகளைக் கலை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவாங்க, கமிட்டிக்குக் கூப்பிட மாட்டாங்க.

எல்லாத்தையும் விட ஒரு சாப்பாடு. ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வரணும். ஒரு பொண்ணு வஞ்சிரம் மீன் குழம்பு கொண்டு வந்தா, அம்மா கைப்பக்குவம், மூடியைத் திறந்ததும் அறையே மணக்குது. வானவில் பேட்ஜ் குத்தின ஒருத்தர் எழுந்து, "இது தனி டேபிள்ல வெச்சுடலாமா, கரண்டி கலந்துடும்"னார். ரொம்ப மரியாதையா, சிரிச்சுக்கிட்டே. யாரும் எதுவும் பேசலை. டேபிள் நகந்தது. அந்தப் பொண்ணு குழம்பை மூடி எடுத்துட்டுப் போயிட்டா. எங்க வீட்டு ரெண்டு கூடைக்கும் அந்த ரெண்டு டேபிளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை. அர்த்தநாரீஸ்வரர் பத்தி நான் உங்களைக் கேக்கற கேள்வியை இவங்களையும் கேக்கணும்: தட்டு யார் கைக்குப் போகுது?

அக்டோபர் 6

நேத்து எழுதினதைப் பாத்துட்டு "அதான் பாருங்க"ன்னு குதிக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கூட்டங்கள் இல்லைன்னா நான் இன்னிக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். எங்களை மாதிரி ஆட்களுக்கான சகோதரன்ங்கற அமைப்பு 1998லயிருந்து இந்த ஊர்ல வேலை பாக்குது. ஓரினம்ங்கற குழு 2000களோட தொடக்கத்துலயிருந்து இருக்கு, தமிழ்லயும் எழுதினாங்க. இருபத்தஞ்சு வயசுல நெட் சென்டர்ல, பக்கத்து சீட்காரர் பாக்காம ஸ்க்ரீனைத் திருப்பி வெச்சுக்கிட்டு, என்னை மாதிரி இன்னொருத்தியோட கடிதத்தைத் தமிழ்ல படிச்சேன். வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது.

அக்டோபர் 9

"2018லயே சட்டம் போட்டாச்சே, இன்னும் என்ன"ன்னு கேக்கறவருக்கு. 2018 செப்டம்பர் 6ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது, நாங்க குற்றவாளி இல்லைங்கறது. குற்றவாளி இல்லைங்கறதும் குடும்பம்ங்கறதும் ஒண்ணில்லை. 2023 அக்டோபர் 17ல கல்யாண உரிமை கேட்டப்போ, அது நாடாளுமன்றத்தோட வேலைன்னு அதே உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கிச்சு.

நம்ம ஊர் உயர் நீதிமன்றம் கொஞ்சம் வேற மாதிரி. தூத்துக்குடியில ஒரு கோயில்ல ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பதிவு பண்ண மாட்டோம்னாங்க அதிகாரிகள். 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளை, மணமகள்னா திருநங்கையும்தான், பதிவு பண்ணுன்னு சொல்லிடுச்சு. இது கேள்வி கேட்டவர் பக்கத்துக்கு ஒரு பாயிண்ட், கொடுத்துடறேன். கோயில் சேத்துக்கிச்சு, ஆபீஸ்தான் சேத்துக்கலை.

2021ல மதுரைப் பக்கத்துலயிருந்து ரெண்டு பொண்ணுங்க சென்னைக்கு ஓடி வந்த வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பத்தித் தனக்கே சரியாத் தெரியலைன்னு ஒத்துக்கிட்டு, ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டுட்டுதான் தீர்ப்பு எழுதினார். எங்களை மாத்தறேன்னு சொல்லிப் பண்ற வைத்தியத்துக்குத் தடை போட்டார். அடுத்த வருஷம் போலீஸ் நடத்தை விதியையே அரசு திருத்திச்சு, எங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. 2025 மே மாசம் இன்னொரு ஜோடிப் பெண்கள் வழக்குல, குடும்பம் ஆகறதுக்குக் கல்யாணம் மட்டுமே வழியில்லைன்னு ரெண்டு நீதிபதிகள் எழுதினாங்க. அன்னிக்கு ராத்திரி என்னவள் பால் பாயசம் வெச்சா. என்ன விசேஷம்னு ஓனர் மாமி கேட்டாங்க. கோர்ட்டுல ஜெயிச்சுட்டோம்னு சொன்னோம். நிலத் தகராறுன்னு நினைச்சுக்கிட்டாங்க போல. "எத்தனை கிரவுண்டு?"ன்னாங்க.

அக்டோபர் 13

கொடி விஷயத்தை நான் விட்டுட்டேன்னு கேள்வி கேட்டவரே ஞாபகப்படுத்தறார். விடலை, சுண்டல்ல மறந்து போச்சு.

வானவில் கொடி 1978ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பிறந்தது, நிஜம்தான். வயலினும் வெளிநாட்டுலயிருந்து வந்ததுதான். பாலுசாமி தீட்சிதர் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்து இருநூறு வருஷம் ஆகுது. மார்கழியில எந்தச் சபாவுலயாவது வயலின்காரரை அந்நியர்னு எழுப்பி விட்டதாக் கேள்விப்பட்டதில்லை.

சென்னையில முதல் பேரணி 2009 ஜூன்ல. அதுக்கு இங்க வெச்ச பேர் வானவில் சுயமரியாதைப் பேரணி. முன்னாடி பறை போகும், பின்னாடி கொடி. எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் ஒரு வருஷம் நடந்தப்போ, நடைபாதையில சாத்துக்குடி வித்துக்கிட்டிருந்த பாட்டி என்ன கட்சின்னு கேட்டாங்க. எங்க கட்சிதான்னு சொன்னேன். "காசு எவ்ளோ தர்றாங்க?" தர மாட்டாங்க பாட்டி, நாங்கதான் போட்டு நடத்தறோம். "அப்போ இது உருப்படாது"ன்னுட்டு ஒரு சாத்துக்குடியை உரிச்சுக் கையில கொடுத்தாங்க.

அக்டோபர் 22

தீபாவளி லேகியம் இன்னும் வயித்துல வேலை செய்யுது, அதனால சுருக்கமா.

தாம்பரம் பக்கத்துலயிருந்து ஒரு பொண்ணு தனியா எழுதியிருந்தா. பத்தொன்பது வயசு. கூட்டத்துக்கு வரணும், தமிழ்ல பேசலாமா, ஆறு மணிக்கு முன்னாடி கிளம்பிடலாமா, மீன் சாப்பிடறவங்க வரலாமான்னு மூணு கேள்வி. மூணுக்கும் ஆமா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுலயே, மதியம் ரெண்டு மணிக்கு. டேபிளே கிடையாது, எல்லாரும் தரைதான். இட்லிக் கடை அக்கா வடைகறி கொண்டு வர்றா. வஞ்சிரம் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கோம், வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.

அப்புறம் நாலாவதா ஒண்ணு கேட்டிருந்தா: "அக்கா, அம்மா தனியா விட மாட்டாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?" தாராளமாக் கூட்டிட்டு வாம்மா. ஆனா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு. போன தடவை ஒரு அம்மா வந்தாங்க. எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு, ஒவ்வொருத்தருக்கும் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிக்கறாங்களா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு விசாரிச்சு முடிக்கவே சாயங்காலம் ஆயிடுச்சு. பசங்க எல்லாம் அடுத்த கூட்டம் எப்போன்னு கேக்கலை, அந்த அம்மா எப்போ வர்றாங்கன்னுதான் கேக்கறாங்க.